பிரேக் வாத்தியார்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த புண்ணியவான் அவர். பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். இருபத்திரண்டு வருடம் அதை மிதித்து மிதித்து, எந்த வண்டியில் ஏறினாலும் அவர் வலது கால் தன்னால் தரையை அழுத்தும். பேருந்திலும் அழுத்துவார். மைத்துனர் ஓட்டினால் கேட்கவே வேண்டாம். அதனால் 'பிரேக் வாத்தியார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மனைவியின் இதயத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வாத்தியாருக்குப் பக்தி முற்றிப்போனது. "எல்லாத்தையும் கடவுள்கிட்ட விட்டாச்சு" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். விட்ட லட்சணத்தைக் கேளுங்கள். டாக்டர் காபி குடிக்கும்போது கை நடுங்குகிறதா என்று தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். ஆஸ்பத்திரி ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று காவலாளியைக் குடைந்தார். கடவுளையும் சும்மா விடவில்லை.

"எட்டு மணிக்கு ஆரம்பம் சாமி. ரத்தம் ஓ பாசிட்டிவ், மாத்திடப் போறாங்க. மயக்க மருந்து கூடவும் வேணாம், குறையவும் வேணாம்" என்று ஆபரேஷன் அன்று காலை கட்டிலருகே நின்று முணுமுணுத்தார்.

மனைவி ஒரு கண்ணைத் திறந்தாள். "ஏங்க, சாமிக்கு லைசென்ஸ் குடுத்துட்டீங்களா, இன்னும் எல் போர்டுதானா?"

"ஞாபகப்படுத்தினேன்மா, அவ்வளவுதான்."

அவளைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்தார்கள். இரண்டு ஊழியர்கள் தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. மூச்சைப் பிடித்துத் தள்ளியும் அசையவில்லை.

"சக்கரம் இறுகிடுச்சு போல" என்றார் ஒருவர்.

"சக்கரம் இல்லைங்க, எங்க வீட்டுக்காரர்" என்றாள் அவள்.

வாத்தியார் குனிந்து பார்த்தார். சக்கரத்தின் பிரேக் கட்டை மேல் அவருடைய வலது கால் முழு பலத்தோடு நின்றிருந்தது. ஊழியர்கள் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் பயமாத்தாங்க இருக்கு."

வாத்தியார் காலை எடுத்தார். வண்டி உருண்டு உள்ளே போனது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடவுளிடம் சொல்ல ஒரு யோசனையும் மிச்சமில்லை. "எனக்கு ஓட்டத் தெரியல சாமி" என்றார். "நீயே ஓட்டு."

நான்கு மணி நேரம் கழித்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த செய்தியைச் சொல்ல வந்த நர்ஸ் அவரை மூன்று முறை உலுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் மனைவிக்குக் குரல் திரும்பியது. நர்ஸ் அதற்குள் வத்தி வைத்துவிட்டாள்.

"நான் உள்ள நெஞ்சத் திறந்து கிடக்கேன். நீங்க வெளிய குறட்டையா?"

வாத்தியார் கூனிக்குறுகிப்போனார். "எப்படியோ கண் அசந்துட்டேன்மா. தப்புதான்."

அவள் மெல்லக் கையை நீட்டி அவர் விரலைத் தொட்டாள். கண் நிறைந்துவிட்டது.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து பாக்கறேன். அடுத்தவங்க ஓட்டும்போது நீங்க தூங்கினது இதுதாங்க முதல் தடவை."