படத்துக்கு வைத்த பூசணி

சாயங்காலம் பிள்ளையைத் தூக்க வந்த டிலுக்ஷி டப்பாவைத் திறந்தாள். காலையில் வைத்த பூசணித் துண்டுகள் வைத்தபடியே கிடந்தன. வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்திலும் தோல் சீவி, விரல் நீளத்துக்கு நறுக்கி, பஞ்சாக அவித்து வைத்தது. பத்து நாளாக இதே கதை.

"பேச்சியக்கா, புள்ள கையில குடுத்தீங்களா, இல்லையா?"

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பேச்சியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பதினாறு புள்ளைங்க, நான் ஒருத்தி. தொண்டையில சிக்கிக்கிட்டா யாரு பதில் சொல்றது? பாயெல்லாம் நாசமாகுதுனு வெல்பெயார் ஐயா வேற ஏசுறாரு. தேத்தண்ணியில பிஸ்கட்ட ஊறவச்சு ஊட்டிட்டேன்."

"இத ரெண்டு விரலால அமுக்கிப் பாருங்க. இதா சிக்கும்?"

பேச்சியம்மா அமுக்கினாள். துண்டு கூழாகிப் போனது. "அது சரிதான் புள்ள, ஐயா உத்தரவு" என்று கையைத் துடைத்துக்கொண்டாள்.

தேத்தண்ணியாம், பிஸ்கட்டாம்! பத்து மாதப் பிள்ளைக்கு! கிளினிக் கொப்பியில் மகள் தனுஜாவின் எடை காட்டும் நிறைக்கோடு இரண்டு மாதமாக ஏறவே இல்லை. "மெதுவா அவிச்சு அவ கையிலயே குடுங்க, பக்கத்துல இருந்து பாருங்க. அடுத்த மாசமும் ஏறலன்னா ஆஸ்பத்திரிக்குத்தான்" என்று மிட்வைப் மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை லயத்து வீட்டில் உட்கார வைத்தால் இதே பிள்ளை அவித்த கரட்டை இரண்டு கையாலும் பிடித்துச் சப்பிச் சப்பித் தின்கிறது. மற்ற ஆறு நாளும் அதன் வாயைக் கட்டிப் போடுகிறார்கள்.

புதன்கிழமை பத்து மணிக்குப் பால் கொடுக்கக் கொழுந்து மலையிலிருந்து இறங்கி வந்தாள். மடுவத்து வாசலில் ஒரு வேன் நின்றது. உள்ளே புதுப் பாய், பிள்ளைகள் கழுத்தில் புது ஏப்ரன். ஒவ்வொரு பிள்ளைக்கு முன்னாலும் வெள்ளைத் தட்டில் அவித்த கரட், பூசணி, பழுத்த பப்பாசி! டிலுக்ஷிக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. அப்பாடா, இப்போதாவது புத்தி வந்ததே.

தனுஜா தட்டை நோக்கிக் கையை நீட்டினாள். பின்னாலிருந்து பேச்சியம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படியே புடிச்சுக்க, தட்டு கலையக் கூடாது" என்றார் வெல்பெயார் ஆபிசர் யோகேஸ்வரன். கமராக்காரன் நாலைந்து படம் எடுத்தான். "சரி, முடிஞ்சுது. எல்லாத்தையும் வேன்ல ஏத்துங்க. கீழ்ப்பிரிவு மடுவத்துலயும் படம் எடுக்கணும்."

மூக்குக்கு முன்னால் இருந்த தட்டை அவரே எடுத்ததும் தனுஜா வீறிட்டாள். டிலுக்ஷிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"நில்லுங்க! யாருக்கு ஐயா இந்தச் சாப்பாடு?"

"படத்துக்கு வச்சதும்மா. பெரிய எடத்துக்கு அனுப்பணும். நீ பால குடுத்துட்டு மலைக்கு ஏறு. பிந்துனா அரைப்பேருதான், பாதிச் சம்பளம்."

"போட்டுக்கங்க அரைப்பேரு!" குரல் கூரைத் தகரத்தில் மோதியது. "நான் பத்து நாளா அவிச்சு அனுப்புறேன், பாயி அழுக்காகுதுனு குடுக்க வுடல. இப்ப பசிச்ச புள்ள கையப் புடிச்சுக்கிட்டு, அது நல்லாத் திங்குதுனு ஊருக்குக் காட்டுறீங்களா? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

அவர் கையிலிருந்த தட்டை வெடுக்கென்று பிடுங்கினாள். புதுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, தட்டை முன்னால் தள்ளினாள். தனுஜாவின் அழுகை பாதியில் நின்றது. ஒரு பூசணித் துண்டை இறுகப் பிடித்தாள். பாதி விரலிடுக்கில் பிதுங்கியது, மிச்சம் வாய்க்குள் போனது. மென்று விழுங்கிவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினாள். இந்த முறை அந்தக் கையை யாரும் பிடிக்கவில்லை.

பேச்சியம்மா எழுந்து வெளியே போனாள். வேனில் ஏற்றிய தட்டுகளை இரண்டிரண்டாகத் திருப்பிக் கொண்டுவந்து மற்றப் பிள்ளைகள் முன்னால் வைத்தாள்.

"என்ன செய்யிற நீ?" என்று கத்தினார் யோகேஸ்வரன்.

"ரெண்டு விரலால அமுக்கிப் பாருங்க ஐயா. சிக்காது" என்றவள் பிள்ளைகள் நடுவில் குந்திக்கொண்டாள்.

மூக்கிலும் ஏப்ரனிலும் பூசணி அப்பியிருக்க, தனுஜா கமராக்காரனைப் பார்த்துச் சிரித்தாள்.

"இப்ப எடுங்க படம்" என்றாள் டிலுக்ஷி.

கமராக்காரன் யோகேஸ்வரனின் முகத்தைப் பார்த்தான். பிறகு கமராவைப் பைக்குள் வைத்துவிட்டான்.