பச்சைக் குண்டு தள்ளாடும்

எங்கள் பட்டறையில் இருக்கிற வேலைகளிலேயே கஷ்டமானது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். வாரம் பூராவும் மரம் கடைகிற லேத்து போடுகிற இரைச்சலில் எப்படியும் பேச முடியாது. அது கணக்கில் சேராது. சனிக்கிழமை மத்தியானம் லேத்தை நிறுத்திவிட்டு, தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டுப் புதுப் பொம்மையை முன்னால் வைப்பார்கள். அப்போது பெரியவர்கள் ஒரு சொல் பேசக்கூடாது. 'அப்படி இல்லடா', 'திருப்பிப் பிடிடா' என்றெல்லாம் சொல்லக்கூடாது. கண்ணாலும் காட்டக்கூடாது. சிந்தூரா மேடம் போட்ட சட்டம் இது.

சிந்தூரா பெங்களூரில் பொம்மை உருவாக்குவதற்கென்றே படித்துவிட்டு, மைசூர் ரோட்டில் மரப்பொம்மைக்குப் பேர்போன எங்கள் சென்னபட்டணத்துக்கு வந்த பெண். வந்த அன்று எங்கள் பெரிய கடைசல்காரர் மாரிகௌடா கேட்டார்.

"பொம்மை பண்றதுக்குப் படிப்பா மேடம்மா? எத்தனை வருஷம்?"

"நாலு வருஷம்ண்ணா."

"நாலு வருஷமா! எங்கப்பன் நாலு அடியிலே சொல்லிக் குடுத்துட்டாரே!"

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "எந்தப் பக்கம் அடிச்சாருண்ணா? அதையும் பாடத்துல சேர்த்துடலாம்" என்றாள். அன்றிலிருந்து மாரிகௌடாவுக்கு அவள் மேல் ஒரு பிரியம். ஆனால் வெளியே காட்டமாட்டார்.

அவள் செய்த முதல் பொம்மை ஒரு கிலுகிலுப்பை. ஆட்டினால் சத்தம் வராது. தலைகீழாகப் பிடித்து மெதுவாகச் சாய்த்தால்தான் உள்ளே மழை பெய்கிற மாதிரி கேட்கும். குழந்தை அதைத் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்றாள். வாங்கினவர்கள் எல்லாரும் 'ரிப்பேர்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது ஒரு கம்பளிப்பூச்சி. இரண்டு முனையும் ஒன்று போலவே இருக்கும். எது தலை என்று குழந்தையே முடிவு செய்யட்டும் என்றாள். கடைக்காரர்கள், "தலையில்லாத பூச்சியை நான் யார் தலையில கட்டுறது?" என்றார்கள். இரண்டும் பரணில் கிடக்கின்றன. எலிகள் முடிவு செய்திருக்கும், எது தலை என்று.

முதலாளி நயாஸ் பாய் நல்ல மனிதர். ஆனால் பரண் நிறைந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

"மேடம், மூணாவதும் மேலே ஏறிச்சுன்னா உங்க மேஜை இருக்கிற இடத்துல நான் லேத்து போட்டுடுவேன். தப்பா நினைக்காதீங்க. கார்ல தலையாட்டுற பொம்மைக்கு ஆர்டர் குவிஞ்சு கிடக்கு."

அன்று சாப்பாட்டு வேளையில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ராகிக் களி உருண்டையை, எங்கள் ஊர் முத்தையை, கிள்ளிக் கிள்ளி வைத்தாளே தவிர, வாயில் போடவில்லை.

"மேஜை போச்சுன்னா ஊருக்குப் போய் சோப்பு டப்பாவுக்கு மூடி வரையணும் லிங்கம்மா. வேலை ரெடியா இருக்கு."

"மூடியும் திறந்து பார்க்கிறதுதானே மேடம்?" என்றேன், சிரிக்கட்டும் என்று. அவள் சிரிக்கவில்லை. நான் அவளுடைய முத்தையைக் குழம்பில் தோய்த்து அவள் கையில் கொடுத்தேன்.

மூன்றாவது பொம்மை இதுதான். ஒரு சாய்வுப் பலகை, மூன்று மரக்குண்டுகள். மூன்றும் ஒரே அளவு, நிறம் மட்டும் வேறு வேறு. ஒன்று கெட்டிக் குண்டு, நேராக வேகமாக உருளும். ஒன்று உள்ளே குடைந்த குண்டு, நேராகத்தான் போகும், ஆனால் மெதுவாக உருளும். இன்னொன்றின் உள்ளே ஒரு ஓரமாக இரும்புத் துண்டு வைத்து மூடியிருக்கும். அது சாய்ந்து சாய்ந்து, நின்று யோசித்து, திடீரென்று குதித்து ஓடும். பெட்டியில் ஒரு குறிப்பும் கிடையாது. பிள்ளைகள் உருட்டிப் பார்த்து, எது ஏன் அப்படிப் போகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் விளையாட்டு.

மாரிகௌடா மூன்றாவது குண்டுக்குக் 'குடிகாரன்' என்று பேர் வைத்தார். "குண்டு நேரா ஓடணும்னு இத்தனை வருஷம் உளியைப் பிடிச்சேன். இப்ப கோணலா ஓடறதுக்குக் கூலி!" என்று புலம்பிக்கொண்டே, குடிகாரனைத்தான் எல்லாவற்றையும்விடப் பதமாகக் கடைந்தார்.

மைசூரில் நிறைய மழலைப் பள்ளிகள் நடத்துகிற ஸ்டெல்லா நரோனா என்கிற அம்மாள் சனிக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லியிருந்தாள். பிள்ளைகள் விளையாடுவதை ஓரமாக உட்கார்ந்து பார்ப்பாளாம். பிடித்தால் அவளுடைய பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வாங்குவாளாம். பிடிக்காவிட்டால் பரண்.

சிந்தூரா எங்களை நிற்கவைத்துச் சொன்னாள். "பிள்ளைங்ககிட்ட யாரும் எதுவும் சொல்லிக் குடுக்காதீங்க. அதுங்களுக்குத் தெரியாம இருக்கிறதுதான் நமக்கு வேணும்."

"தெரியாம முழிச்சா அந்தம்மா எப்படி வாங்கும்?" என்றார் மாரிகௌடா.

"முழிக்கட்டும்ண்ணா. முழிக்கிறதைப் பார்க்கத்தான் வராங்க."

"என்னமோ போங்க. எங்க காலத்துல இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு முழிச்சா வாத்தியார் தோலை உரிச்சுடுவார்."

பேச்சு அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. நயாஸ் பாய் மத்தூர் வடை வரவழைத்திருந்தார். அந்த அம்மாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துத் திறந்து, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிள்ளைகள் வந்தார்கள். அப்போதே எனக்குச் 'சுருக்'கென்றது. மற்ற சனிக்கிழமைகளில் பட்டியைத் திறந்துவிட்ட ஆட்டுக்குட்டிகள் மாதிரி வருவார்கள். அன்று எண்ணெய் வைத்து வகிடெடுத்து, பவுடர் பூசி, வரிசையாக வந்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

சிந்தூரா பலகையையும் குண்டுகளையும் நடுவில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றாள். ஒரு பிள்ளையும் குண்டைத் தொடவில்லை. பிறகு துங்கா எழுந்து நின்றாள். அவள் பேச்சில் கெட்டி என்று தெருவுக்கே தெரியும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒப்பித்தாள்.

"சிவப்புக் குண்டு நேரா போகும், மஞ்சக் குண்டு மெதுவாப் போகும், பச்சைக் குண்டு தள்ளாடும்! நமஸ்காரம் மிஸ்!"

மற்ற பிள்ளைகளும் கூடவே, "பச்சைக் குண்டு தள்ளாடும்! நமஸ்காரம் மிஸ்!" என்று கத்திவிட்டு, மறுபடி கையைக் கட்டிக்கொண்டார்கள். அவ்வளவுதான். விளையாட்டு முடிந்தது.

நான் திரும்பி மாரிகௌடாவைப் பார்த்தேன். மனிதர் முகத்தில் அப்படி ஒரு பெருமை! தினமும் சாயங்காலம் மர அடுக்குக்குப் பின்னால் கடலை மிட்டாய் கொடுத்துப் பாடம் நடத்தியிருக்கிறார். மேடம்மாவின் மேஜை போய்விடக்கூடாதே என்று.

மேடம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஸ்டெல்லா அம்மாள் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றாள். "ஆனா இதுக்கு எங்க ஸ்கூல்லயே டீச்சர்ங்க இருக்காங்க."

நயாஸ் பாயின் கண் அந்த மேஜைக்குப் போனது. லேத்தைக் குறுக்கே போடலாமா, நெடுக்கே போடலாமா என்று அளந்துகொண்டிருந்தது அந்தப் பார்வை.

மாரிகௌடாவுக்குத் தாங்கவில்லை. "ஏ துங்கா, வாயால சொன்னா நம்புவாங்களா? உருட்டிக் காட்டு!"

துங்கா பச்சைக் குண்டை எடுத்துப் பலகை மேல் வைத்து உருட்டிவிட்டாள். தள்ளாடப் போகிறது என்று முன்கூட்டியே சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். பச்சைக் குண்டு கோயில் யானை மாதிரி நிதானமாக, கொஞ்சமும் கோணாமல் இறங்கி வந்து நின்றது.

சிரிப்பு பாதியில் நின்றது. சிவப்பை விட்டாள். அது சந்தையிலிருந்து திரும்புகிற ஆள் மாதிரி இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு சாய்ந்து, பலகையை விட்டே இறங்கிப் போனது. மஞ்சளை விட்டாள். அது விர்ரென்று ஓடிச் சுவரில் முட்டியது.

"மாமா, பச்சை தள்ளாடலையே!"

"சரியா உருட்டும்மா."

"சரியாத்தான் உருட்டினேன். நீங்கதான் பொய் சொல்லிக் குடுத்துட்டீங்க!"

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. குண்டுகளுக்கு நிறம் கொடுக்கிற அரக்கைப் பூசுவது என் வேலை. மூன்று குண்டுகளும் மூன்று தட்டில் தனித்தனியாக வரும். முதல் தட்டில் கெட்டி, அடுத்ததில் குடைந்தது, கடைசியில் குடிகாரன். மற்ற நாட்களில் சிவப்பு அரக்குக் குச்சியில் ஆரம்பித்து, பிறகு மஞ்சள், பிறகு பச்சை என்று போவேன். வெள்ளிக்கிழமை மட்டும் எங்கள் பட்டறையில் முதல் அரக்கு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும். மங்களம். பிறகு பச்சை, கடைசியில் சிவப்பு. மாரிகௌடா பாடம் நடத்தியது வாரத் தொடக்கத்தில் பூசிய குண்டுகளை வைத்து. இன்றைக்கு நடுவில் இருப்பவை நேற்று, வெள்ளிக்கிழமை, பூசினவை.

"நேத்து வெள்ளிக்கிழமைண்ணா" என்றேன் அவர் காதில்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன லிங்கம்மா?"

"நீங்க பள்ளிக்கூடம் நடத்துறதை என்கிட்ட சொன்னீங்களா?"

அதற்குள் பிள்ளைகள் வரிசையிலிருந்து ஐஃபா எழுந்து வந்து துங்காவை இடித்துத் தள்ளினாள். "நகரு, உனக்கு உருட்டத் தெரியலை." அவள் உருட்டினாலும் அதேதான். இன்னொரு பிள்ளை சிவப்பைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தது. ஒன்று நக்கிப் பார்த்தது. வகிடெல்லாம் கலைந்துவிட்டது. "இதுக்குள்ள என்னமோ இருக்கு", "ஒண்ணும் இல்லை, உனக்குத்தான் மண்டையில ஒண்ணும் இல்லை" என்று ஒரே சண்டை.

மாரிகௌடா வாயைத் திறந்தார். "ஏ பிள்ளைங்களா, இன்னிக்கு மஞ்சள்தான்—"

நான் கையில் மடித்து வைத்திருந்த வெற்றிலை பாக்கை அப்படியே அவர் வாயில் திணித்தேன். "மெல்லுங்க" என்றேன். இரண்டு ஆள் வெற்றிலை அது. கன்னம் உப்பி, கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிந்தூரா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. ஏனென்றால் ஐஃபா மூன்று குண்டுகளையும் வாரிக்கொண்டு போய்த் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டாள்.

"அய்யோ! தண்ணியில போடாதே, அரக்கு கெட்டுப்—" என்று நயாஸ் பாய் ஓடினார்.

"உஷ்!" என்றாள் ஸ்டெல்லா அம்மாள். முதலாளியை அவருடைய பட்டறையிலேயே ஒருத்தி அடக்கி நான் பார்த்ததில்லை. அவர் ஒரு காலைத் தூக்கினபடியே நின்றுவிட்டார்.

பிள்ளைகள் வாளியைச் சுற்றிக் குனிந்தார்கள். பச்சை மேலாக மிதந்தது. மஞ்சள் கழுத்தளவு முங்கி மிதந்தது. சிவப்பைத் துங்கா விரலால் புரட்டினாள். அது உருண்டு, பழையபடி அதே பக்கத்தை மேலே காட்டியது. மறுபடி புரட்டினாள். மறுபடி திரும்பியது.

"ஏ, இது படுக்கவே மாட்டேங்குது! எப்படிப் படுக்கவச்சாலும் எழுந்து உட்காருது!"

"கீழ்ப் பக்கம் கனமா இருக்கு!"

"அதான் அது தள்ளாடுது! கனம் ஒரு பக்கமா இருக்கு! நான்தான் கண்டுபிடிச்சேன்!"

"நான்தான்!"

வாளி தளும்பி என் சேலை முழுக்கத் தண்ணீர். நான் நகரவில்லை. சிந்தூராவும் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரை அவளும் யோசித்திருக்கவில்லை என்பது அவள் வாய் பிளந்திருந்ததிலேயே தெரிந்தது. மாரிகௌடா எழுந்து போய்ப் பிள்ளைகளுக்கு நடுவே குந்தினார். இரும்பை உள்ளே வைத்து மூடியவரே அவர்தான். ஆனால் தண்ணீரில் அது என்ன செய்யும் என்று அவர் பார்த்ததில்லை. ஒரு விரலால் சிவப்பைப் புரட்டினார். அது திரும்பியது. வாய் நிறைய வெற்றிலையோடு, "ம்ம்ம்?" என்றார்.

"நீங்க சும்மா இருங்க மாமா" என்றாள் துங்கா. "உங்களுக்கு இது தெரியாது."

ஸ்டெல்லா அம்மாள் கண்ணாடியை எப்போது மறுபடி போட்டுக்கொண்டாள் என்று நான் கவனிக்கவில்லை. வடை ஆறி, காபி ஆறி, பிள்ளைகளின் தாய்மார்கள் வாசலில் வந்து கூப்பிடும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் சிந்தூராவிடம் கேட்டாள்.

"எல்லாப் பெட்டியிலயும் இதே நிறம்தானா?"

சிந்தூரா என்னைப் பார்த்தாள். நான் மாரிகௌடாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"இல்லை மேடம்" என்றாள் சிந்தூரா, முகம் சிவக்காமல். "ஒவ்வொரு பெட்டியிலயும் நிறத்தை மாத்தி மாத்தி வைப்போம். ஒருத்தர் இன்னொருத்தருக்கு ஒப்பிச்சுக் காட்ட முடியாது. அப்படித்தான் யோசிச்சிருக்கோம்."

நாலு வருஷம் படித்தது வீண் போகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"முதல்ல ரெண்டு பள்ளிக்கு அனுப்புங்க" என்றாள் அந்த அம்மாள். "என் டீச்சர்ங்க வாயை மூடிட்டு இருக்காங்களான்னு பார்க்கிறேன். இருந்தாங்கன்னா மத்ததுக்கும் வாங்குறேன்." வாசல்வரை போனவள் திரும்பி, "அந்த வெத்தலை எந்தக் கடையில கிடைக்கும்?" என்று என்னிடம் கேட்டாள்.

மேஜை தப்பியது. நயாஸ் பாய் லேத்தை மரக்கிடங்குப் பக்கம் போட்டுக்கொண்டார்.

தப்பாதது என் தோள்பட்டைதான். முன்பெல்லாம் ஒரு தட்டுக்கு ஒரு நிறம், கை தானாக ஓடும். இப்போது நாலு குண்டு பூசினால் குச்சியை மாற்ற வேண்டும், மெருகு தேய்க்கிற தாழை மடலை மாற்ற வேண்டும். எல்லாம் முடிந்து ஒரே கூடையில் விழுந்த பிறகு எது கெட்டி, எது குடைந்தது என்று எனக்கும் தெரியாது, கடைந்தவருக்கும் தெரியாது. ஆனால் ஒரு பெட்டிக்கு ஒவ்வொரு வகையிலும் ஒன்று போய்ச் சேர வேண்டும். அதனால் பெட்டி கட்டுமுன் ஒவ்வொரு குண்டையும் யாராவது உருட்டிப் பார்த்தாக வேண்டும். அந்த வேலையை மாரிகௌடாவே கேட்டு வாங்கிக்கொண்டார். சாயங்காலம் லேத்து நின்றதும் பலகையைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுகிறார்.

"அண்ணா, பொழுது போச்சு, வீட்டுக்குப் போகலையா?" என்று பெட்டி கட்டுகிற பெண்கள் கேட்டால், "வேலை இருக்கு, வேலை இருக்கு" என்கிறார். பக்கத்திலே ஒரு வாளி.

"வாளி எதுக்குண்ணா? உருட்டினாலே தெரிஞ்சுடுமே?"

"நீ உன் வேலையைப் பாரு லிங்கம்மா" என்கிறார்.