அவனே எடுத்துத் தின்னட்டும்

பிரேக்கம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே அது அங்கேயே குந்திக்கொண்டிருந்தது. பிரேக்கம்மா என்பது, அவள் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் மாணவர்கள் வைத்த பெயர். பிரசவத்துக்குப் பின் நாளைதான் அவள் வேலைக்குத் திரும்புகிறாள். திரும்பாவிட்டால் இடம் போய்விடும்.

பயலைப் பகலில் பார்த்துக்கொள்ள நாத்தனாரை விட்டால் ஆளில்லை. அந்த மகராசியோ ஒரேயடியாகக் கையை விரித்துவிட்டாள். "காயைத் துண்டு துண்டா வச்சா நான் பாத்துக்க மாட்டேன். குழைச்சுதான் ஊட்டுவேன். புரையேறிச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

ஏழு மாதப் பயல் நிமிர்ந்து உட்கார்கிறான், கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் வைக்கிறான், தானே தின்னப் பழக்கலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகிறது. காயை விரல் நீளத்துக்கு நறுக்கி, அழுத்தினால் நசுங்கும்படி வேகவைத்து முன்னால் வைக்க வேண்டும். எடுப்பதும் கடிப்பதும் துப்புவதும் அவன் பாடு. நம் கை அவன் வாய்ப்பக்கமே போகக் கூடாது. இதை நாத்தனாருக்கு எத்தனை தடவை சொல்லியாயிற்று! சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

"நீங்களே வந்து பாருங்க அண்ணி," என்று சவால் விட்டு வரவழைத்தாள்.

பயலின் நாற்காலியைச் சுற்றிப் பழைய பேப்பர் விரித்து, நாலு கேரட் துண்டும் இரண்டு பூசணித் துண்டும் வைத்தாள். பயல் கேரட்டால் பலகையைத் தட்டினான். கீழே போட்டான். பூசணியைக் காதில் அப்பிக்கொண்டான்.

"காது நல்லாவே சாப்பிடுது," என்றாள் நாத்தனார்.

கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். "உன் ஸ்டூடண்ட்ஸ் மாதிரியே இருக்கான். எந்தப் பக்கம் திருப்பறதுன்னே தெரியலை!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று யாரும் இல்லாதபோது மூன்று துண்டை முடித்தவன், இன்று பார்க்க ஆள் வந்ததும் காலை வாருகிறானே!

"பாவம், பசியில இருக்கான். நாலு வாய் ஊட்டிடறேன்." நாத்தனார் பையைத் திறந்தாள். கிண்ணமும் கரண்டியும். குழைத்து, மூடிபோட்டு, வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள்! இவள் தோற்றுப்போவாள் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் படியேறியிருக்கிறாள்.

பிரேக்கம்மா ஒரு கேரட் துண்டை வெடுக்கென்று பிய்த்தாள். "தின்னுடா! தின்னு காட்டு!" என்று அவன் வாய்க்குள் திணித்தாள்.

பயல் மூச்சை இழுத்தான். இருமியிருந்தால் பயமில்லை. இருமவில்லை. அழவில்லை. உதடு கறுத்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நாத்தனார்தான் பாய்ந்தாள். பயலை இழுத்தெடுத்து, முன்கையில் தலைகீழாகக் கவிழ்த்து, முதுகில் ஓங்கித் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் துண்டு பேப்பரில் விழுந்தது. பயல் வீடே அதிரும்படி வீறிட்டான்.

"நான் அப்பவே சொன்னேன்..." என்று கணவன் ஆரம்பித்தான்.

"நீ வாயை மூடுடா," என்றாள் நாத்தனார்.

அவள்மேல் கோபப்பட ஏதாவது கிடைக்குமா என்று பிரேக்கம்மா தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. அத்தனை கோபமும் தன் மேலேயே திரும்பியது. சனியன் பிடித்த ரோஷம்!

அழுகை ஓய வெகுநேரமாயிற்று. அத்தை மடியில் உட்கார்ந்திருந்த பயல் எட்டிப் பூசணித் துண்டை எடுத்தான். தானே வாயில் வைத்தான். சப்பினான், கொஞ்சம் துப்பினான், மிச்சத்தை விழுங்கினான். நாத்தனார் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"நாளைக்கு வரேன். நீ சொன்ன மாதிரி துண்டாவே வைக்கறேன். அவனே எடுத்தா ஒண்ணும் ஆகலைதான்."

பிரேக்கம்மா நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

"ஆனா ஒண்ணு," என்றாள் நாத்தனார். குரலில் கோபமே இல்லை. "அவன் சாப்பிடறப்ப நீ பக்கத்துல வராதே."

"சரி அண்ணி," என்றாள் அவள்.