பேழையா

நெற்குப்பை ஊருக்கு அப்பால் இருக்கும் காப்புக்காட்டில் நன்னாரி பெருகிவருகிறது. இருபது வருடக் கணக்கெடுப்பு அப்படித்தான் சொன்னது. அதை நம்பித்தான் என் அக்கா சத்தியப்பிரியா முனைவர் பட்டம் வாங்கவிருந்தாள். கடைசிக் கணக்கெடுப்பு மட்டும் பாக்கி. டேப் பிடிக்க என்னையும் இழுத்துப் போனாள்.

மதியக் காடு பாதித் தூக்கத்தில் இருந்தது. வெயில் இலைக்கு இலை தங்கி, யோசித்து, கீழே இறங்கியது. கணக்கெடுப்புக்காக அளந்துவைத்த கட்டங்களில் கடைசியான ஏழாவதில் நன்னாரிக் கொடிகள், நடுவில் வெள்ளைக் கோடு ஓடிய ஒல்லி இலைகளோடு, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடந்தன. நடுவே நட்டிருந்த அடையாளக் கல்லுக்கு மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டியிருந்தது. முந்தைய ஆறு கட்டங்களிலும் இதே அலங்காரம்தான். இதுவரை எண்ணிய சீனியர்களின் அட்டவணையில் மஞ்சளுக்கு இடமில்லை போலும்.

கட்டத்துக்கு வெளியே ஒரு கொடிகூட இல்லை. தோண்டிய குழிகள்தான்.

கல்லுக்கு விளக்கேற்ற வந்த உள்ளூர்க்காரி பொன்னழகம்மாவிடம், "இது என்ன சாமிம்மா?" என்றேன்.

"பேழையா. ஒங்காளுகதானப்பா கொண்டாந்து வச்சாக!"

"எங்காளுகளா?"

"வருசா வருசம் வருவாக. முட்டி போட்டு, கொடி கொடியாத் தொட்டு, என்னமோ முணுமுணுப்பாக. 'பியேழு, பியேழு'ன்னு கூப்புடுவாக. படிச்சவுகளே கும்புடுறாக, நாங்க சும்மா இருப்பமா? இந்த எடத்துல மட்டும் எவனும் வேர் தோண்ட மாட்டான். கண்ணு போயிரும்ல."

மஞ்சளுக்கு அடியில் 'பி-7' என்று மங்கலாகத் தெரிந்தது. நன்னாரி காட்டில் பெருகவில்லை, கல்லடியில் பெருகியிருந்தது.

அக்கா தன் பேராசிரியர் ஸ்ரீநிவாசனுக்குப் போன் போட்டாள்.

"கல்லையெல்லாம் எடுத்துட்டு ஒரு வருஷம் எண்ணுங்கம்மா. இல்லேன்னா ஆய்வேடு நிக்காது."

"எடுத்தா எண்ணுறதுக்கு ஒண்ணும் இருக்காது சார்."

"அதுவும் ஒரு முடிவுதானேம்மா."

அக்கா கல்லின் மேல் கை வைத்து அசைத்தாள். கொடிகளும் கூடவே அசைந்தன. எங்கோ ஒரு குயில் பாதியில் நிறுத்தியது. அவள் கையை எடுத்துக்கொண்டாள். விரலெல்லாம் மஞ்சள்.

பிறகு குழிகள் நிறைந்த வெற்றிடத்துக்கு நடந்துபோய், "டேய், அந்தா கெடக்குற கல்ல இங்குட்டுத் தூக்கிட்டு வா" என்றாள்.

"அப்ப பட்டம்?"

"அது போச்சு. வாயப் பாக்காமத் தூக்குடா."

கல்லை நட்டோம். மார்க்கரால் எழுதி, பொன்னழகம்மாவின் மஞ்சளில் கொஞ்சம் வாங்கிப் பூசினாள். டேப்பைச் சுற்றிவர விரித்து முட்டி போட்டாள்.

"இவுக யாரு தாயி?" பொன்னழகம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது.

அக்கா சிரிக்கவில்லை. "பி எட்டு."

"பேட்டையா!" அந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அக்கா முணுமுணுத்தபடியே, அங்கே இல்லாத கொடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்கினாள்.