பிறந்தநாள் எழுத்து

கஜகஸ்தானின் அல்மாத்தி நகரில் ஷோல்பான் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் வாசல் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. "அன்பான அண்டை வீட்டாரே, நம்ம முற்றத்தை அழகாக்கலாம் வாங்க. ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட மறந்துடாதீங்க. உங்கள் பக்கத்து வீட்டுக்காரி." நீல நிறத்தில், கொஞ்சம் சாய்ந்து, பேனாவால் எழுதின மாதிரியே இருந்தது.

"மூணாவது மாடி கம்ஷாத் எழுதியிருப்பா. அவளுக்குள்ளயும் இவ்வளவு ஈரமா?" என்றாள் எதிர்வீட்டு ராபிகா.

ஷோல்பானுக்கு மனசு ஒப்பவில்லை. அச்சகத்தில் வாழ்த்து அட்டை வடிவமைக்கிறவள் அவள். கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். ஒரே எழுத்து வந்த இடத்திலெல்லாம் அதே சுழி, அதே வால். கையால் எழுதினால் அப்படி வராது. குழந்தைகளின் பிறந்தநாள் அட்டைக்கு அவளே தினமும் போடுகிற கம்ப்யூட்டர் எழுத்து அது.

மாடியேறிப் போய்க் கம்ஷாத்தைக் கேட்டாள்.

"நானா? எனக்கு வேற வேலை இல்ல?" என்று கதவைச் சாத்தினாள் கம்ஷாத்.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல கோட்டுப் போட்ட ஒருத்தன் மிட்டாய்ப் பெட்டியோடும் கையெழுத்து வாங்கத் தாள்களோடும் முற்றத்துக்கு வந்தான். எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"தம்பி, கதவுல ஒட்டின நோட்டீச எழுதினது எந்த வீட்டம்மா?" என்று கேட்டாள் ஷோல்பான்.

"அது... எல்லார் சார்பாவும் எழுதினதுக்கா."

"பிறந்தநாள் அட்டை எழுத்துல முற்றத்தக் கேக்கறீங்களே, கேக் வெட்டப்போறது யாரு?"

நாலு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. முற்றத்தின் நடுவே கைகாட்டினாள். "அந்த ஆப்பிள் மரம் நிக்கிற இடத்துல என்ன வரப்போவுது?"

"கார் நிறுத்தற இடம்தான்க்கா. கூடவே ஒரு கடை. சின்னதா."

கையெழுத்துப் போடப் போன ராபிகா பேனாவை மூடினாள். ஒவ்வொருவராக நழுவினார்கள். மிட்டாய்ப் பெட்டியைக்கூட எடுத்துக்கொண்டுதான் அவன் போனான்.

அதற்கப்புறம் கதவில் ஒட்டின எதையும் அந்தக் கட்டடத்தில் யாரும் நம்பவில்லை. மறுவாரம் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

"பாரு, மறுபடியும் சாய்ஞ்ச எழுத்து," என்று ராபிகா படிக்காமலே கிழித்துப் போட்டாள். ஷோல்பானும் ஆமாம் போட்டாள்.

மறுநாள் காலை தலையில் சோப்பு நுரையோடு நின்றபோது குழாய் இருமிவிட்டு நின்றுபோயிற்று. ராபிகா வீட்டிலும் தண்ணீர் இல்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு, வாளியோடு மூணாவது மாடிக்கு ஏறினாள்.

"தண்ணி நிக்கும்னு நானே உக்காந்து என் கையால எழுதி ஒட்டினேன்," என்றாள் கம்ஷாத். அவள் வீட்டுத் தொட்டி தளும்ப நிறைந்திருந்தது. "நான் எழுதினத நானாவது நம்பணுமில்ல?"

பாதி வாளிதான் கொடுத்தாள்.