பதினோரு நிமிடம்

அப்பாவின் மோதிரம் விரலை விட்டு வருவேனா என்றது. அத்தை சோப்பு நுரையைத் தடவித் திருகிக்கொண்டிருந்தாள்.

"விடுங்க அத்தை. அதோடவே போகட்டும்," என்றாள் மகள்.

அப்பாவின் பிடிவாதம் ஊரறிந்தது. மகளும் சளைத்தவள் இல்லை. இருவருக்கும் ஒரே பழச்சாறு ஆலையில் வேலை. அவர் குழாய்களையும் தொட்டிகளையும் கழுவும் பிரிவு, அவள் தரப் பரிசோதனை. ஒவ்வொரு முறை சாறு மாறும்போதும் குழாய்களைக் காஸ்டிக் சோடாவால் கழுவி, பிறகு பதினோரு நிமிடம் தண்ணீர் விட்டு அலச வேண்டும். அதுதான் விதி. நாலு நிமிடம் போதும், மீதி ஏழு நிமிடமும் நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது என்று அவர் மூன்று முறை எழுதிக் கொடுத்தார். அவள் கையெழுத்து இல்லாமல் அது நகராது.

"காரணம் இல்லாமலா பதினொண்ணுன்னு வெச்சிருப்பாங்க? காரணத்தைக் கொண்டாங்க, போடறேன்," என்று மூன்று முறையும் திருப்பி அனுப்பினாள். போட்டிருந்தால், அப்பனுக்கு மகள் சலுகை என்று ஆலையே சிரித்திருக்கும். கடைசியாகத் திருப்பியது போன வாரம். நேற்றுக் காலை ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

அவருடன் முப்பது வருடம் வேலை பார்த்த ஃபிட்டர், சீருடையோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தப் பதினொண்ணு யார் வெச்சதுன்னு அப்பா சொல்லலியாம்மா?"

"கேட்டேன். தெரியாதுன்னாரு."

"அவரேதான். நீ பொறந்த அன்னிக்கு ஆபீஸுக்குப் போன் வந்துச்சு. அலசுற தண்ணியத் திறந்துவிட்டுட்டு ஓடினாரு. திரும்பி வந்து மூடறப்போ பதினோரு நிமிஷம். அன்னிக்குன்னு பாத்து மேலதிகாரிங்க சோதனைக்கு வந்திருந்தாங்க. இவ்வளவு சுத்தமா இருக்கேன்னு அதையே விதியாக்கிட்டாங்க. வேலை போயிடும்னு இவரும் வாயத் திறக்கல."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? இதுதான் காரணம்னா அன்னிக்கே சோதிச்சுப் பாத்துப் போட்டிருப்பேனே."

"நானும் சொன்னேன். எம் பொண்ணாலதான் இத்தனை வருஷத் தண்ணியும் வீணாப்போச்சுன்னு ஆயிடும், வேணாம்னுட்டாரு."

அவள் எழுந்துபோய் ஜன்னலருகே நின்று பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் பதறினாள். "அக்கா, நீங்க ஏன் இப்போ..."

"ரெண்டாவது லைன் அலசறாங்களா?"

"இப்பதான் திறந்தாங்க."

"போனை வெக்காம கிட்டப் போ. நாலாவது நிமிஷம் தண்ணியப் பிடிச்சுப் பாரு."

வாசலில் வண்டி வந்து நின்றது. உள்ளே நாலு பேர் குனிந்து அப்பாவைத் தூக்கினார்கள். அத்தையின் அழுகை உயர்ந்தது.

"பாத்துட்டேன் அக்கா. சோடா துளிகூட இல்ல, சுத்தம். மூடச் சொல்லட்டுமா?"

"ரிப்போர்ட் எழுதி வை. நாளைக்குக் கையெழுத்துப் போடறேன்."

"இப்ப மூடவா?"

வாசலில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"இன்னிக்கு மட்டும் ஓடட்டும்," என்றாள்.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே வண்டிக்குப் பின்னால் நடந்தாள். அந்தப் பக்கம் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.