சிவப்புப் புள்ளி இல்லாத கிளிப்

நாளை நண்பகலில் குழந்தை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். குறைமாதத்தில் பிறந்து, இருபத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவள். "வண்டிய முன்னாடியே சூடு பண்ணி வெச்சுக்குங்க, பிள்ளைக்குக் குளிர் ஆகாது" என்று நர்ஸ் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தாள். வெளியே மூச்சு விட்டால் புகையாகத் தெரிகிற குளிர். காரிலோ, ஹீட்டரை எவ்வளவு திருகினாலும் பச்சைத் தண்ணீர் போலத்தான் காற்று வந்தது.

குழந்தையின் அப்பா, ஒரு கிடங்கு மேற்பார்வையாளர், அதற்கான காரணத்தை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். போன வாரம் இரண்டு நாள் வண்டியை வாங்கிப் போனவன் மச்சினன், மனைவியின் தம்பி. பழைய கார்களைப் பிரித்துப் பிரித்துக் கை பழகியவன்.

"அவன்தான் எதையோ கழட்டியிருக்கான்" என்றார், ஒர்க்‌ஷாப்பில் இறங்கியதுமே.

"முதல்ல இன்ஜின் சூடாகட்டும் சார். அப்புறம் ஆளப் பிடிப்போம்" என்றாள் மெக்கானிக் அக்கா.

அவர் பானெட்டை ஒட்டி நின்று அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு வருடம் கிடங்கில் சரக்கு எண்ணியவர். எதுவும் குறையாமல் இருந்தால்தான் அவருக்குச் சந்தேகம் வரும். ஒர்க்‌ஷாப்காரர்கள் பாகங்களை மாற்றிவிடக் கூடாதென்று, மனைவியின் நகப்பூச்சை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்.

"வண்டிக்கு அம்மை போட்டிருக்கா சார்?"

"பாதுகாப்புக்கு."

"அப்ப என் கையிலயும் வெச்சிடுங்க. போகும்போது ரெண்டும் இருக்கான்னு எண்ணிக்கலாம்."

சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்து நின்றது. இன்ஜினில் கோளாறு இல்லை. காற்றாடியும் நன்றாகவே சுற்றியது. இன்ஜின் ஆறியபின் அக்கா, அதைக் குளிர்விக்கும் கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறந்தாள். விளிம்புவரை இருந்தது.

"புதுசா ஊத்தியிருக்கே. நீங்களா?"

"நான் ஊத்தலையே!" அவர் புருவம் ஏறியது. எதையோ எடுத்துவிட்டு, அதை மறைக்கத்தான் ஊற்றியிருக்கிறான்.

அக்கா காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றித் தள்ளி வைத்தாள். அதன் அடியில் இரண்டு ரப்பர் குழாய்கள். சுடுதண்ணீரைக் காருக்குள் இருக்கும் ஹீட்டருக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர வேண்டியவை. உள்ளே போகாமல், ஒரு செம்புத் துண்டால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. இரு முனையிலும் பளபளவென்று புதுக் கிளிப்புகள்.

"பாத்தீங்களா, புள்ளியே இல்ல! ஹீட்டரக் கழட்டி வித்துட்டான். சொந்த அக்கா பிள்ளை வரப்போற வண்டி!"

"கொஞ்சம் பொறுங்க சார்." அவள் முன் இருக்கைப் பக்கம் குனிந்து, கால்மிதியைத் தூக்கி, விரலால் தொட்டு முகர்ந்தாள். "இனிப்பா வாடை வருது. ஹீட்டர் உள்ளயேதான் இருக்கு. ஓட்டையாயிடுச்சு. முன் கண்ணாடி உள்பக்கம் பிசுபிசுன்னு மங்கிச்சா?"

"மங்கிச்சு. அவன் சிகரெட் பிடிச்சான்னு நெனச்சேன்."

"அது கூலன்ட் ஆவி. பச்சப்புள்ள மூச்சுக்கு ஆகாது. இப்படியே ஒழுகியிருந்தா இன்ஜினும் நடுரோட்டுல படுத்திருக்கும். அந்தப் பையன் ஹீட்டருக்குப் போற வழிய அடைச்சு ரெண்டையும் காப்பாத்தியிருக்கான். கிளிப்போட கூர் முனையப் பாருங்க, அடுத்தவங்க கையக் கிழிக்கக் கூடாதுன்னு உள்பக்கமா திருப்பியிருக்கான். திருடனுக்கு இவ்வளவு பொறுமை எதுக்கு?"

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

கேட்டு முடிக்கும்போதே அவருக்கு நினைவு வந்தது. சாவி கொடுக்க வந்தவன் வாசலில் நின்று, "அத்தான், வண்டில ஒண்ணு..." என்று ஆரம்பித்தான். "பெட்ரோல் போட்டியா?" என்று கேட்டு, பதில் வருமுன்னே சாவியைப் பிடுங்கிக் கதவைச் சாத்தியவர் இவர். பின் இருக்கையில் கிடந்த கம்பளியையும், தன் குப்பையை விட்டுப் போயிருக்கிறான் என்று டிக்கியில் எறிந்திருந்தார்.

போய் டிக்கியைத் திறந்தார். துவைத்து மடித்த கம்பளி. பிரித்தால், நடுவில் குழந்தைக்கு அளவான ஒரு சின்ன வெந்நீர்ப் பை.

நாம் சாத்திய கதவுக்கு வெளியேயும் கடவுள் நமக்காக யாரையாவது நிறுத்தித்தான் வைக்கிறார். அவர் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு டிக்கி விளிம்பிலேயே சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு போனை எடுத்தார்.

"அத்தான்? அக்காவுக்கு ஏதாவது...?" மச்சினன் குரல் பதறியது.

"இல்லப்பா, நல்லாருக்கா. அன்னைக்கு வாசல்ல என்ன சொல்ல வந்தே?"

"ஹீட்டர் இப்போதைக்கு வராதுன்னு. புதுசு சொல்லி வெச்சிருக்கேன், இன்னிக்கு மத்தியானம் கைக்கு வந்துடும். நானே மாட்டிக் குடுக்கலாம்னுதான். நீங்க வண்டியத் தொட விடுவீங்களோ என்னவோன்னு..."

"கொண்டாப்பா. நான் இங்கயே நிக்கிறேன்."

மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை மூவருமாக டாஷ்போர்டைப் பிரித்தார்கள். அவிழ்த்த திருகுகளை அவர் கிண்ணம் கிண்ணமாக வரிசைப்படுத்தினார். எண்ணவில்லை. புதியதைப் பொருத்தி, கூலன்ட் ஊற்றி, அடைத்திருந்த காற்றை வெளியேற்றியதும், அக்கா அவர் கையைப் பிடித்துக் காற்றுத் துவாரத்தின் முன் வைத்தாள். சுட்டது.

மறுநாள் பாதி வழியில் பின் இருக்கையிலிருந்து மனைவி சொன்னாள்: "ஹீட்டரக் குறைங்களேன், பிள்ளைக்கு வேர்க்குது. ஆமா, என் நகப்பூச்சு எங்க போச்சு? வீட்டுக்கு யார் வந்து எடுத்தாங்க?"

முன் இருக்கையில் மச்சினன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினான்.

"யாரும் வரல" என்றார் அவர், ஹீட்டரை ஒரு புள்ளி குறைத்தபடி. "நான்தான் எடுத்தேன்."